பார்வை எண்ணை வாசிப்பது எப்படி? விக்கிப்பீடியா புள்ளிவிவரமும் வாசகர் ஆர்வமும்

கடந்த ஆண்டு படிவம் 4 மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் நம்ம பேரா மாநிலத்தைப் பற்றிய ஒரு குறுங்கட்டுரையை எடுத்து, தகவல் திரட்டி, விரிவாக்க வேண்டும். ஒரு குழு தங்கள் பாட்டி தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்து ஊரை எடுத்துக்கொண்டது. மறுவாரம் அந்தக் குழுவில் ஒரு மாணவி கைப்பேசியை நீட்டினாள்.

"டீச்சர், இந்தப் பக்கத்த ஒரு நாளைக்கு ஒருத்தர் ரெண்டு பேருதான் பாக்குறாங்க. சில நாள் பூஜ்யம். யாருக்கும் ஆர்வம் இல்லாத தலைப்ப நாங்க ஏன் எழுதணும்? வேற தலைப்பு எடுத்துக்கலாமா?"

உண்மையைச் சொல்லணும்னா, "சரி, மாத்திக்கோ" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எண் கண்ணெதிரே இருக்கு. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று மாலைதான் அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதை எண்ணுகிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததை ஆசிரிய நண்பர்களுக்கும், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதப்போகும் மாணவர்களுக்கும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1. எண் எங்கே கிடைக்கும்?

அச்சுக் கலைக்களஞ்சிய காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழ முடியாது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை தமிழ்க் 'கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதிகளாக வந்தது. நூலகத்தில் அவற்றை எத்தனை பேர் புரட்டினார்கள், எந்தப் பதிவில் நின்று படித்தார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதிகம் போனால் அழுக்கேறிய பக்க ஓரத்தைப் பார்த்து ஊகிக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் நாள்வாரியான பார்வை எண் பொதுவில் கிடைக்கிறது. 2015 ஜூலை முதலான எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கணக்கு திறக்கவும் தேவையில்லை.

பார்க்கும் முறை எளிது:

• கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தைத் திறங்க. அங்கே பக்கப் பார்வைப் புள்ளிவிவரத்துக்கு ஓர் இணைப்பு இருக்கும்.
• அதை அழுத்தினால் பகுப்பாய்வுக் கருவி திறக்கும். முதலில் கடந்த 20 நாள் மட்டும் தெரியும். தேதியை மாற்றி ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு என்று நீட்டலாம்.
• பத்துத் தலைப்பு வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.
• கணினி, கைப்பேசி உலாவி, கைப்பேசிச் செயலி என்று பிரித்துப் பார்க்கலாம். மனிதப் பயனர், தேடுபொறி நிரல், தானியங்கி என்றும் பிரிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்க. எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்று இந்தக் கருவி காட்டாது. வாசகரின் தனியுரிமையைக் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு தலைப்புக்கு வந்த நூறு பார்வையில் ஈப்போ எவ்வளவு, மதுரை எவ்வளவு, யாழ்ப்பாணம் எவ்வளவு என்று இந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. "மலேசியத் தமிழர்கள் இதை விரும்பிப் படிக்கிறார்கள்" என்று மாணவர் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு இந்த எண் சான்றாகாது.

2. எண் எதை எண்ணுகிறது?

ஒரு பக்கத்தைத் தரும்படி ஒரு கருவி கேட்டது. வழங்கி அதைக் கொடுத்தது. இது ஒரு பார்வை. அவ்வளவுதான். கேட்டவர் முழுதாகப் படித்தாரா, முதல் வரியோடு மூடினாரா என்பது எண்ணில் வராது. ஒரே ஆள் ஐந்து முறை திறந்தால் ஐந்து பார்வை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவர் மட்டும் திறந்து வெண்திரையில் காட்டினால் ஒரே பார்வை.

கேட்பது எப்போதும் மனிதராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். விக்கிமீடியாவின் பொதுப் படக் களஞ்சியத்தில் ஊதா நிற ஆஸ்டர் பூ ஒன்றின் படம் இருக்கிறது. அந்த ஒரே படத்துக்கு இந்தியாவிலிருந்து நாளுக்கு சுமார் 9 கோடி கோரிக்கைகள் வருவதைப் பொறியாளர்கள் கண்டார்கள். நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர்த் தரவு மையத்துக்கு வந்த படக் கோரிக்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பூவுக்கு. இந்தியர்களுக்குத் திடீரென்று ஆஸ்டர் பூ மேல் ஆசை வந்துவிட்டதா? இல்லை. அங்கே பரவலாக இருந்த ஒரு கைப்பேசிச் செயலி, திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தை விக்கிமீடியாவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. பயனர் திரையில் படம் தெரியவே இல்லை. 2020 ஜூனில் தொடங்கியது பல மாதம் யார் கண்ணிலும் படவில்லை. ஒன்பது கோடி கோரிக்கை. பூவைப் பார்க்க வந்த கண் ஒன்றுகூட அதில் இருந்திருக்க வேண்டியதில்லை.

அது படக் கோரிக்கை. கட்டுரைப் பக்கங்களிலும் இதே சிக்கல் உண்டு. மனிதர் போல நடிக்கும் நிரல்களைப் பிரிக்க 2020இலிருந்து 'தானியங்கி' என்று தனி வகை வைத்திருக்கிறார்கள். அப்படியும் சில தப்பிவிடுகின்றன. 2025 மே மாதம் மனிதப் பார்வை வழக்கத்துக்கு மாறாகக் கூடியது. ஆராய்ந்தபோது அதில் பெரும்பகுதி மனிதர் வேடமிட்ட நிரல்கள் என்று தெரிந்தது. கணக்கைத் திருத்திய பிறகு, முந்திய ஆண்டின் அதே மாதங்களைவிட மனிதப் பார்வை சுமார் 8 விழுக்காடு குறைந்திருப்பதாக விக்கிமீடியா அறக்கட்டளை அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

குறைந்ததற்கு அவர்கள் சொன்ன காரணமும் நமக்குப் பாடம். தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் விடையை நேரடியாகக் கொடுத்துவிடுகின்றன. பலசமயம் அந்த விடை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்ததுதான். நம்ம மாணவர் அதைப் படித்துக் குறிப்பு எழுதியிருப்பார். ஆனால் பக்கத்தைத் திறக்கவில்லை, எண் ஏறவில்லை. ஆக, பார்வை குறைந்தால் ஆர்வம் குறைந்தது என்று உடனே முடிவுகட்ட முடியாது.

3. சராசரி ஏமாற்றும், நடுவெண்ணையும் பாருங்க

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு 30 நாளில் 300 பார்வை. சராசரி நாளுக்கு 10. பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது நாள்வாரியாகப் பாருங்க: 29 நாள் தலா 2 பார்வை, ஒரே ஒரு நாள் 242 பார்வை. 58 + 242 = 300. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது கணித வகுப்பில் மெடியன் என்று படிக்கும் நடுவெண்ணை எடுத்தால், 2தான் வரும். இந்தப் பக்கத்தின் வழக்கமான நாள் எப்படி என்று கேட்டால் 2 என்பதுதான் நேர்மையான பதில்.

அந்த 242 எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. யாரோ ஓர் ஆசிரியர் இணைப்பைப் புலனக் குழுக்களில் போட்டிருக்கலாம். செய்தியில் பெயர் வந்திருக்கலாம். பிரபலமானவர் மறைந்த நாளிலும் கோடு மேலே பாயும். மாணவர்களுக்குக் காட்ட எஸ். பி. பாலசுப்பிரமணியம் பக்கத்தை எடுங்க. அவர் மறைந்தது 2020 செப்டம்பர் 25. அந்த வாரத்தையும் அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கோட்டின் உயரம் எதைச் சொல்கிறது, அது தணிந்த பிறகு மிஞ்சும் மட்டம் எதைச் சொல்கிறது?" என்று கேளுங்க. நல்ல விவாதம் கிடைக்கும்.

சில ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் திரும்பி வரும். பாரதியாருக்கு டிசம்பர் 11 பிறந்த நாள், செப்டம்பர் 11 நினைவு நாள். இவை மாறாத தேதிகள். தைப்பூசம் அப்படி இல்லை. 2024இல் ஜனவரி 25. 2025இல் பிப்ரவரி 11. தைப்பூசம் பற்றிய பக்கத்துக்கு 2024 ஜனவரியையும் 2025 ஜனவரியையும் ஒப்பிட்டு, "ஆர்வம் சரிந்துவிட்டது" என்று ஒரு மாணவர் எழுதினால் என்ன ஆகும்? ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடி எடுத்தவருக்குச் சிரிப்பு வரும். திருநாளையே மையமாக வைத்து, அதற்கு முன் பத்து நாள், பின் பத்து நாள் என்று ஒப்பிடுவதுதான் சரி.

பள்ளி நாள்காட்டியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூனில் தொடங்கும். நமக்கு நீண்ட காலம் ஜனவரி. இடையில் சில ஆண்டு மார்ச். இலக்கணப் பக்கம் ஒன்றில் ஜூன் மாதம் பார்வை கூடினால், அது எந்த ஊர் மாணவர் என்று யோசித்துத்தான் பேச வேண்டும்.

4. பெயர் மாறினால் எண்ணும் மாறும்

தமிழில் இது பெரிய விஷயம். பார்வை எண் தலைப்பைத் தொடர்ந்து போகும். வேறு எழுத்துக்கூட்டலில் தேடி, வழிமாற்றுப் பக்கம் மூலமாக உள்ளே வந்தவர் அந்த வழிமாற்றின் கணக்கில் சேர்வார். முதன்மைத் தலைப்பின் கணக்கில் தானாகச் சேர மாட்டார். கருவியில் வழிமாற்றுகளையும் சேர்த்துப் பார்க்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பாதி எண்ணைத்தான் பார்க்கிறோம்.

நம்ம ஊரையே எடுங்க. காம்பார் என்றும் எழுதுகிறோம், கம்பார் என்றும் எழுதுகிறோம். ஈப்போ, இப்போ, சுங்கை சிப்புட், சுங்கை சிப்புத், பத்து காஜா, பத்து கஜா. தெலுக் இந்தானை நம்ம வீட்டுப் பெரியவர்கள் இன்னும் தெலுக் ஆன்சன் என்பார்கள். 1982இல் மாறிய பெயர் அது. இந்தியாவில் இருக்கிற ஒருவர் தஞ்சாவூரைத் தேடும்போது இவ்வளவு வழிகள் பிரிவதில்லை. மலாய், சீன, ஆங்கில மூலத்திலிருந்து வந்த நம்ம ஊர்ப்பெயர்களுக்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல் நிலைக்காததால், ஏற்கெனவே சிறிதாக இருக்கும் எண் இன்னும் சிதறுகிறது.

இன்னொரு வேடிக்கை. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் நம்ம ஊர்ப்பெயரைத் தட்டிப் பாருங்க. பலமுறை 'கம்பர்' என்று கவிச்சக்கரவர்த்தி வந்து நிற்பார். ஊரைத் தேடியவர் கவிஞர் பக்கத்துக்குப் போயிருக்கலாம். அங்கே ஒரு பார்வை கூடும். இங்கே ஒன்று குறையும்.

5. பூஜ்யத்தை எப்படிப் படிப்பது?

மாணவி கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். தோட்டத்து ஊர்ப் பக்கத்துக்கு ஏன் அவ்வளவு குறைந்த பார்வை? 'ஆர்வம் இல்லை' என்பது சாத்தியமான விடைகளில் ஒன்று. மற்ற விடைகளையும் வரிசையாகச் சோதித்தோம்.

• பக்கத்தில் என்ன இருக்கிறது? இரண்டே வரி. தேடுபொறி இதை முதல் பக்கத்தில் காட்டுமா? வந்தவர் திரும்ப வருவாரா?
• எந்தப் பக்கங்கள் இதற்கு இணைப்புத் தருகின்றன? கருவிகள் பட்டியில் இதைப் பார்க்கலாம். இணைப்பே இல்லாத பக்கம், பாதை போடாத லயத்து வீடு மாதிரி. இருப்பது தெரிந்தவர் மட்டும் வருவார்.
• வேறு எழுத்துக்கூட்டலுக்கு வழிமாற்று இருக்கிறதா?
• வேறு மொழியில் இதே தலைப்பு இருக்கிறதா? நம்ம மாணவர்களில் பலர் வரலாற்றுக் குறிப்பை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் தேடுகிறார்கள். ஒரே தலைப்பின் பார்வையை மொழிவாரியாகக் காட்டும் கருவியும் உண்டு. ஆர்வம் வேறு வாசல் வழியாகப் போயிருக்கலாம்.
• தேடுபவர் இந்தப் பெயரில்தான் தேடுவாரா? தோட்டத்தின் பதிவுப் பெயர் ஆங்கிலத் துரை ஒருவருடையதாக இருக்கும். நம்மவர் வழங்கிய பெயர் வேறாக இருக்கும்.

கடைசிக் கேள்விதான் வகுப்பை மாற்றியது. மாணவர்கள் வீட்டில் போய்க் கேட்டு வந்தார்கள். பாட்டிமார் சொன்ன பெயர் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

பேராவின் தோட்டங்களுக்கு நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். 1950களின் பிற்பகுதியில் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம்ம வரலாற்றில் படிப்பது இதைத்தான். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியது இதற்கு ஈடு கொடுக்கத்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடத்தில் லயமே இல்லை. மக்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் நகர்ந்தார்கள். இப்படிச் சிதறிய ஊரைப் பற்றி எழுதியது இரண்டு வரி என்றால், அதைத் தேடி எத்தனை பேர் வருவார்கள்? எழுதாதது முதலில், படிக்காதது அதற்குப் பிறகு.

ரஜினிகாந்த் பக்கத்தோடு இதை ஒப்பிடுவதும் பொருந்தாத ஒப்பீடு. இதே அளவு நீளமுள்ள, இதே வகையான இன்னொரு சிற்றூர்ப் பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். சிறிய எண்ணில் விழுக்காடும் வேண்டாம். நாளுக்கு 2 என்பது 6 ஆனால் '200 விழுக்காடு உயர்வு' என்று எழுதலாம்; உண்மையில் கூடியது நான்கு சொடுக்கு.

6. ஏன் வந்தார் என்று எண் சொல்லாது

வாசகர் எதற்காக விக்கிப்பீடியாவுக்கு வருகிறார் என்று அவர்களிடமே கேட்டு 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஆங்கில விக்கிப்பீடியா வாசகர்களிடம் கேட்டார்கள். 2019இல் அது 14 மொழிகளுக்கு விரிந்தது. இந்தியும் வங்காளமும் அதில் உண்டு, தமிழ் இல்லை. பள்ளி அல்லது வேலை, ஊடகத்தில் கண்டது, நடப்புச் செய்தி, யாரோடோ பேசிய பேச்சு, பொழுதுபோக்கு, தானாகத் தெரிந்துகொள்ளும் ஆவல் என்று காரணங்கள் பலவாறு பிரிந்தன. சிலருக்கு ஒரு தேதி போதும். சிலர் ஆழமாகப் படிக்க வந்தவர்கள். எண்ணில் இருவரும் ஒன்றுதான். தேர்வுக்கு முந்திய இரவு பதற்றத்தில் திறந்தவரும், பாட்டியின் ஊரைத் தேடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தவரும் தலா ஒரு பார்வை.

7. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

குறிவரைவைப் பார்த்துக் கருத்து எழுதச் சொல்லும் கேள்வியில் நம்ம பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். எண்ணிலிருந்து நேரே மனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். மூன்று படியாக எழுதிப் பழகுங்கள்: எண் காட்டுவது, அதற்கு இருக்கக்கூடிய காரணங்கள், எதை உறுதியாகச் சொல்ல முடியாது.

பலவீனமான வாக்கியம்: "ஜனவரியில் பார்வை கூடியதால் மக்களுக்குத் தைப்பூசத்தில் ஆர்வம் அதிகரித்துள்ளது."

சரியான வாக்கியம்: "தைப்பூசத்தையொட்டிய நாள்களில் பக்கத்தின் பார்வை கூடியுள்ளது. திருநாள் நெருங்குவதும் பள்ளி இடுபணிகளும் காரணமாக இருக்கலாம். எந்த நாட்டு வாசகர்கள் என்பது இவ்வெண்ணில் தெரியவில்லை."

பலவீனமான வாக்கியம்: "தோட்ட வரலாற்றை எவரும் விரும்புவதில்லை."

சரியான வாக்கியம்: "தோட்டம் பற்றிய பக்கத்தின் நடுவெண் நாளுக்கு இரண்டுக்கும் குறைவு. பக்கம் மிகச் சுருக்கமாகவும் பிற பக்கங்களின் இணைப்பின்றியும் இருப்பதால், இதை ஆர்வக் குறைவு என்று முடிவு செய்ய இயலாது."

இரண்டாவது வகை வாக்கியம் நீளமானதுதான். ஆனால் உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கேட்பது இதைத்தான்.

8. வகுப்பில் செய்துபார்க்க

இரண்டு பாட வேளை போதும். முதல் வேளையில் ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் பக்கம் ஒன்றை எடுத்து, 90 நாள் பார்வையைக் குறித்து, சராசரியும் நடுவெண்ணும் காணட்டும். அடுத்து மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் கேட்டு விடை எழுதட்டும். இரண்டாம் வேளையில் நம்பகமான நூல் சான்றோடு பக்கத்தை விரிவாக்கட்டும். தொடர்புடைய பக்கங்களிலிருந்து இணைப்பும், மாற்று எழுத்துக்கூட்டலுக்கு வழிமாற்றும் சேர்க்கட்டும். பாட்டி சொன்னதை அப்படியே விக்கிப்பீடியாவில் ஏற்ற முடியாது, அச்சான சான்று வேண்டும்; அதைப் பள்ளி மலரிலோ கோயில் மலரிலோ முதலில் பதிவு செய்யலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி நடுவெண்ணைப் பாருங்க. அந்த இடைவெளியில் மாணவர்கள் தாங்களே திறந்து திறந்து பார்த்து எண்ணை ஏற்றக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. (என் வகுப்பில் முதல் வாரம் நடந்தது அதுதான்!)

அந்தக் குழு தலைப்பை மாற்றவில்லை. பக்கம் இப்போது இரண்டு வரியைவிட நீளம். நம்மவர் வழங்கிய பெயரை ஒரு பழைய கோயில் மலரில் கண்டுபிடித்து, சான்றோடு சேர்த்தார்கள். பார்வை எண் பெரிதாக ஏறவில்லை. பரவாயில்லை. அந்தப் பெயரில் தேடிவரும் அடுத்தவருக்கு இனி ஒரு பக்கம் கிடைக்கும். உங்கள் வகுப்பில் செய்துபார்த்தால், உங்க ஊர்ப் பக்கத்தில் என்ன கண்டீர்கள் என்று இந்த மடலுக்கு எழுதி அனுப்புங்க.